பின்சீட்டுப் பழி

டில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்ல அருக்காணிக்கு ஒரு பட்டப்பேரு இருந்துச்சு. "செயினறுத்த அருக்காணி." வெச்சது கீழ்வீட்டு பட்டாபி. அதைக் கேட்டுச் சிரிச்சவங்கள்ல அவ புருசன் குழந்தைசாமியும் ஒருத்தரு. பட்டாபி வெச்சதைக்கூட அவ விட்டுருவா. புருசன் சிரிச்சதைத்தான் விடமுடியல.

அருக்காணி கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் பொறந்தவ. கல்யாணம் முடிஞ்ச கையோட டில்லிக்கு வந்துட்டா. புருசன் கவர்மெண்டு ஆபீசுல கிளார்க்கு. ஹிந்தி அவ யார்கிட்டயும் படிக்கல. காய்கறி வண்டிக்காரங்கிட்டச் சண்டை போட்டே கத்துக்கிட்டா. அதனால அவ ஹிந்தில மரியாதை கொஞ்சம் கம்மி.

எழுபத்தி எட்டுல குழந்தைசாமி ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினாரு. சரோஜினி நகருக்குத் துணி எடுக்க, கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போக, எல்லாத்துக்கும் அந்தப் பின்சீட்டுதான். அதுல உட்கார்ந்த பொறவுதான் டில்லி எப்படி இருக்குதுன்னே அவ பாத்தா. அதுக்கு முன்னால பஸ்ஸுல அடுத்தவன் அக்குளைத்தான் பாத்துட்டு வந்தா.

வருசம் திரும்பல, பின்சக்கரத்துல கோளாறு. செயின் இழுபட்டுத் தொங்கிருச்சு. செயின் ஓடற பல்லுச்சக்கரத்துல பல்லெல்லாம் தேஞ்சு கொக்கி மாதிரி வளைஞ்சு நின்னுச்சு. புதுசு மாட்டினாரு. கொஞ்ச மாசத்துல அதுவும் அதே கதி. ஊர்ல உள்ளவன் வண்டியெல்லாம் ஒரே செயின்ல காலம் தள்ளுது, இது மட்டும் தின்னு துப்புது.

முனிர்க்கா பக்கம் வண்டி ரிப்பேர் பண்ற ஒரு மிஸ்திரிகிட்டக் காட்டினாங்க. அவன் குனிஞ்சு சக்கரத்தைப் பாக்கவே இல்ல. ஓரமா நின்ன அருக்காணியை மேலயும் கீழயும் பாத்தான்.

"பெஹன்ஜி ஒரே பக்கமா உட்கார்றாங்க. வெயிட்டு பூரா ஒரு சைடு. அப்புறம் தேயாம என்ன பண்ணும்?"

குழந்தைசாமி "அச்சா, அச்சா"ன்னு தலையை ஆட்டினாரு.

அந்தத் தலையாட்டல் சாயங்காலத்துக்குள்ள பட்டாபி காதுக்குப் போயிருச்சு. அடுத்த கிருத்திகைக்குக் கோயில் படியில, நம்ம தமிழ் ஜனங்க அத்தனை பேரு முன்னாலயும் அந்த மனுசன் ஆரம்பிச்சாரு. "ஏன் ஓய் குழந்தைசாமி, ஆத்துக்காரிய ஒரு பக்கமா ஏத்திண்டு போனா சக்கரம் என்ன பண்ணும் பாவம்? அதுவும் நம்மள மாதிரி ஜீவன்தானே, தேஞ்சுதான் போகும்." படி பூரா சிரிப்பு. பட்டப்பேரு பொறந்தது அன்னிக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அருக்காணி கேட்டா. "ஏனுங்க, இந்த டில்லில எந்தப் பொம்பளை வண்டில நேரா உட்கார்ந்து போறா? எதிர் பிளாக்கு சர்தார்ஜி சம்சாரம் என்னைய மாதிரி ரெண்டு இருக்கும். அவங்க வண்டி ஓடலீங்களா?"

"மிஸ்திரிக்குத் தெரியாதா புள்ளே? புதுச் செயின் மாட்டியாச்சு. கொஞ்ச நாளைக்கு நீ பஸ்ஸுல போ, பாக்கலாம்."

"பாக்கலாமுங்க," அப்படின்னா.

அதோட அவ அந்தச் சீட்டைத் தொடல. வெயில் காலம் பூரா பஸ்ஸுதான். சீலைத் தலைப்பை ஒரு கையில புடிச்சுக்கிட்டு, இடிக்கிறவன் காலை மிதிச்சுக்கிட்டே போனா. ஒரு நாள் ஜன்னல் வழியாப் பாத்தா, புருசன் வண்டி போகுது. பின்சீட்டுல பட்டாபி. ரெண்டு பக்கமும் காலைப் போட்டுக்கிட்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி. அன்னிக்கு ராத்திரி ரசத்துல உப்பு தூக்கலா இருந்துச்சு. குழந்தைசாமி மோரை ஊத்திக் குடிச்சுட்டு எந்திரிச்சுட்டாரு.

சனிக்கிழமைன்னா குழந்தைசாமிக்கு எண்ணெக் குளியல். தனக்கு முடிஞ்சதும் வண்டிக்கு. ஊர்லயிருந்து டின்னுல வந்த வெளக்கெண்ணெய எடுத்துச் செயின்ல வழிய வழியத் தடவுவாரு. "எங்கப்பாரு மாட்டு வண்டி அச்சுக்கு இதேதான் போட்டாரு, கடைசி வரைக்கும் ஓடுச்சு"ம்பாரு. செயினுக்கு மேல தகர மூடி ஒண்ணு இருந்துச்சு. எண்ணெ போட இடைஞ்சலா இருக்குதுன்னு அதைக் கழட்டிப் பரண்ல போட்டு ரொம்ப நாளாச்சு.

மே மாசம் ஆந்திங்கற புழுதிப்புயல் அடிச்சுது. வானமே செம்மண்ணாகி, மூடின ஜன்னலுக்குள்ளயும் மண்ணு வந்து தோசை மாவுல விழுந்துச்சு. அந்த மண்ணுக்காத்துலதான் வண்டி தெனம் ஆபீசு போயிட்டு வந்துச்சு.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், குழந்தைசாமி வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தாரு. பின்னால பட்டாபி, ரெண்டு டிபன் கேரியரையும் தூக்கிக்கிட்டு. அருக்காணி மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தா.

"ஏனுங்க, அறுந்துருச்சுங்களா? இப்ப ஒரு பக்கமா உட்கார்ந்தது ஆருங்க?"

பட்டாபி டிபன் கேரியரைப் படியில வெச்சுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாரு.

குழந்தைசாமி கழட்டிப் போட்ட பேன்ட்டுல முழங்கால் வரைக்கும் கறுப்பு. திட்டிக்கிட்டே கல்லுல போட்டுத் தேய்ச்சா. கைக்கு அடியில நறநறன்னுச்சு. நிறுத்தினா. ரெண்டு விரலால அந்தக் கறுப்பை நிமிண்டிப் பாத்தா. எண்ணெ மட்டுமில்ல, நைஸா மணலு. முன்னால வண்டில போனப்ப அவ சீலை ஓரத்துல பட்ட கறையும் இப்படித்தான் நறநறன்னுச்சு. அப்ப அவசரத்துல கவனிக்கல.

ஈரக்கையோட கீழ எறங்கிப் போனா. செயினை ஒரு வழி வழிச்சா. மேல வந்து, பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த புருசன் முழங்கையில அதை வெச்சு அழுத்தித் தேய்ச்சா.

"ஏய், எரியுது புள்ளே, என்ன இது?"

"எரியுதுங்களா? இதைத்தான் தெனம் அந்தச் சக்கரத்துப் பல்லுல வெச்சு அரைச்சிருக்கீங்க. உங்க தலைக்கு எண்ணெ வெச்சா அரப்புப் போட்டு அலசறீங்கல்ல? இதுக்கு ஆரு அரப்புப் போட்டா? மண்ணு மேல எண்ணெ, எண்ணெ மேல மண்ணு. உங்கப்பாரு வண்டில அச்சு சக்கரத்துக் குடத்துக்குள்ள மூடிக் கெடந்துச்சு. நீங்க இருந்த மூடியையும் கழட்டிட்டு ஆந்திக்குக் காட்டிட்டீங்க."

குழந்தைசாமி கையைப் பாத்தாரு. கோடு கோடாச் செவந்திருந்துச்சு. "மண்ணு ஒட்டும்னு எனக்கென்ன தெரியும்?"

"தெரியாததுக்கு எனக்குக் கோவமில்லீங்க. எவனோ ஒருத்தன் என்னையக் கை காட்டினான், நீங்க தலையை ஆட்டினீங்க. ஊரு சிரிச்சுது, கூடச் சேர்ந்து சிரிச்சீங்க. அதுக்குத்தான்."

ஞாயித்துக்கிழமை புதுச் செயினும் பல்லுச்சக்கரமும் மாட்டினாரு. மத்ததையெல்லாம் மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவினாரு. பரண்ல இருந்த மூடியைத் தேடி எடுத்து முடுக்கினாரு. வெளக்கெண்ணெ டின்னு அடுக்களைக்குப் போயிருச்சு. எல்லாம் நடந்துச்சு. தப்பு என்மேலதான்னு ஒரு வார்த்தை மட்டும் வரல.

ஆடிக் கிருத்திகை அன்னிக்குக் காலையில வண்டியை வெளிய எடுத்து, பின்சீட்டைத் துண்டால தட்டிவிட்டு, "ஏறு புள்ளே"ன்னாரு. அருக்காணி பூக்கூடையை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தா. அவரு வண்டியை உருட்டிக்கிட்டே பின்னால வந்தாரு. கோயிலுக்குப் போற நம்ம ஜனங்க அங்க பாதிப் பேரு நின்னுக்கிட்டிருந்தாங்க.

"எல்லாரும் பாக்கறாங்க. ஏறு."

"பாக்கட்டும். அன்னிக்கும் பாத்தாங்கதானே."

பஸ்ஸு தூரத்துல வந்துச்சு. அருக்காணி முன்னால ஒரு அடி எடுத்து வெச்சா. குழந்தைசாமி தொண்டையைக் கனைச்சாரு. "எண்ணெ போட்டதுதான் தப்பு. போட்டது நான்தான். அவ உட்கார்ந்ததுக்கும் செயினுக்கும் ஒண்ணுமில்ல." சத்தமாத்தான் சொன்னாரு. வரிசையில நின்னவங்க திரும்பிப் பாத்தாங்க.

பஸ்ஸு வந்து நின்னுச்சு, போச்சு. அருக்காணி ஏறல. கொசுவத்தைச் சரிபண்ணிக்கிட்டு, எப்பவும் போல ஒரு பக்கமாவே வண்டில உட்கார்ந்தா. கூடையை மடியில வெச்சா.

"மலை மந்திர்தானே?" அவரு குரல்ல அப்பாடான்னு இருந்துச்சு.

"முருகன் எங்கயும் போயிரமாட்டான். பட்டாபி இன்னும் வீட்டுலதான் இருப்பாரு. வண்டியைத் திருப்புங்க. இப்பச் சொன்னதை அப்படியே அங்கயும் வந்து சொல்லுங்க."