இரண்டாம் முறை கேட்ட கேள்விகள்

நாற்பது வயதில் உனக்கு எதற்கடி முதுமாணிப் பட்டம் என்று அம்மா கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தாதி வேலை, வீட்டில் சமையல், இதற்கு நடுவே ஆய்வு. பதின்ம வயதுப் பிள்ளைகள் மன அழுத்தத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்கும் ஆங்கில வினாக்கொத்து ஒன்றைத் தமிழாக்கியிருந்தேன். அது எங்கள் பிள்ளைகளிடம் சரிவருமா என்று சோதிக்க, ஒரே வகுப்புக்கு அதே தாளை இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை கொடுக்க வேண்டும். இரண்டு முறையும் விடைகள் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் மொழிபெயர்ப்பு தேறும். வராவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. ஏற்கெனவே ஒரு வருடம் இதோடு மாரடித்தாயிற்று.

சீனன்குடாவுக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம், பத்தாம் தரம். இது சோதனை இல்லை, புள்ளி போடமாட்டோம் என்று முதல் முறை தொண்டை வறளச் சொன்னேன். பிள்ளைகள் மனம்விட்டு எழுதினார்கள். 'தனியே அழுவேன்', 'ஒருவரிடமும் சொல்லமாட்டேன்' என்பவற்றுக்கு நேரே இருந்த கட்டங்களிலெல்லாம் தாராளமாகப் புள்ளடி விழுந்திருந்தது.

இரண்டாம் முறை, இரவு டியூட்டி முடிந்த கையோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கண் எரிந்தது. ஒரு பாடவேளை பிடிக்கும் தாளைப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் முடித்துத் தந்துவிட்டார்கள். புரட்டிப் பார்த்தால் எல்லாத் தாளிலும் ஒரே இடங்களில்தான் புள்ளடி. 'பெரியவர்கள் ஒருவரிடம் சொல்வேன்.' 'உடற்பயிற்சி செய்வேன்.' அழுகிறவர் ஒருவரும் இல்லை.

"என்ன பிள்ளையள், ரெண்டு கிழமையில எல்லாருக்கும் கவலை தீந்திட்டுதோ?"

முன்வரிசையில் ஒருவன் பெருமையாக எழும்பினான். "கேள்வியள் ஞாபகம் இருந்தது டீச்சர். ரியூசன் படிப்பிக்கிற சேரிட்டக் கேட்டுச் சரியான விடை எடுத்தனாங்கள்."

அட கடவுளே! அவர்களைக் கோபித்து என்ன செய்ய? கேள்வி என்று வந்தால் சரியான விடை ஒன்று இருக்கும், அதைப் பாடமாக்கு என்றுதானே சின்ன வகுப்பிலிருந்தே பழக்கியிருக்கிறோம். ஒரு வருட உழைப்பு மண்ணாய்ப் போனது. அழக்கூடத் தெம்பில்லாமல் தாள்களை அடுக்கினேன்.

மணியடித்து எல்லாரும் போனபிறகும் கடைசி வரிசைப் பிள்ளை ஒருத்தி போகவில்லை. தாளைக் கொடுக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"டீச்சர், நான் மட்டும் மாத்தேல்லை. முதல் போட்டமாதிரியேதான் போட்டனான். என்னை ஏசுவீங்களோ?"

ஒரு தாளாவது தப்பியதே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "இல்லைப் பிள்ளை, இதுதான் எனக்கு வேணும். நீங்கள் ரியூசனுக்குப் போறேல்லையோ?"

"போறனான். பெரியாக்களிட்டச் சொல்லுவன் எண்டதுக்குப் புள்ளடி போடச்சொல்லி அந்தச் சேர் சொன்னவர்." தாளின் மூலையைச் சுருட்டினாள். "போட்டா, ஆரிட்டச் சொல்லுவாய் எண்டு நீங்கள் கேப்பீங்கள். அதுதான் பயமாக் கிடந்தது."

என் வினாக்கொத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. தூக்கமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கதிரை ஒன்றை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். பஸ் போனால் போகட்டும்.

"விருப்பமெண்டா என்னட்டச் சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் எழுதிக் குடுக்கமாட்டன்."

அவள் வாய் திறந்தாள். பிறகு மேசையில் நான் அடுக்கிவைத்திருந்த தாள்களைப் பார்த்தாள்.

"உங்கட வேலை இண்டையோட முடிஞ்சுதுதானே டீச்சர்," என்றாள். "இனி நீங்கள் இங்க வரமாட்டீங்கள்தானே?"