பதிலுக்கு இழுத்த கயிறு

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பல்லி விழுந்தால் பயம். போன் விடாமல் அடித்தால் பயம். பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். இப்படிப்பட்டவள் ஒரு கோடை முழுக்கப் பாகூர்ப் பக்கத்து வயல்களில் டிராக்டர் ஓட்டினேன் என்றால் என் கூடப்பிறந்த தங்கச்சியே நம்பாமல் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஓட்டியது நான்தான். பயந்துகொண்டேதான் ஓட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

டிராக்டர் எங்களுடையது. என் வீட்டுக்காரர் அதை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். சுற்று வட்டாரத்தில் சேறு அடிக்க வேண்டுமென்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் தை மாதத்தில் ஒருநாள் காலை, வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே சாய்ந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. பேஸ்ட் நுரை என்றுதான் முதலில் நினைத்தேன். அது பேஸ்ட் இல்லை என்று புரிந்ததும் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஊரைக் கூப்பிடக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு வலிப்பு என்றார்கள். காலையும் ராத்திரியும் மாத்திரை. ஒருவேளைகூடத் தவறக் கூடாது. குறைந்தது ஒரு வருஷத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, மரம் ஏறக் கூடாது, தண்ணீரில் தனியாக இறங்கக் கூடாது. டாக்டர் சொல்லச் சொல்ல இவர் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "ஊருல யாருக்கும் சொல்லாத. கை புடிச்சிக்கிச்சின்னு சொல்லு. வலிப்புன்னு தெரிஞ்சா ஒருத்தனும் வயல்ல எறங்க வுடமாட்டான்" என்றார். நானும் சரி என்றேன். அந்தச் சரி என் தலையில் எவ்வளவு பெரிய பாரமாக உட்காரப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

சித்திரை பிறப்பதற்கு முன்பே சொர்ணவாரி வேலை தொடங்கிவிட்டது. சொர்ணவாரி என்றால் எங்கள் பக்கத்தில் கோடை நெல். போர்வெல்லில் தண்ணீர் இறைத்து, வயலை ஊறவைத்து, சேறாக்கி, நட வேண்டும். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் டிராக்டர் தேவைப்படும். சும்மா இருக்கும் டிரைவர் என்று ஒரு ஆள் கிடைக்கமாட்டான். இவர் வண்டி ஒரு பருவம் நின்றுவிட்டால் வாடிக்கை வேறு வண்டிக்குப் போய்விடும். போனது திரும்பி வராது.

"நீ ஓட்டேன்" என்றார் ஒருநாள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

என் பிறந்த வீடு மண்ணாடிப்பட்டுப் பக்கம். கரும்பு வெட்டும்போது டிரெய்லரில் கட்டுகளை ஏற்ற ஏற்ற, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்த ஓர் ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அது என் வேலை. கிளட்ச், பிரேக், முதல் கியர். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

"ஃபர்ஸ்ட் கியரு போதும்டி. சேத்துல இன்னா ரேஸா வுடப் போற?"

அவருடைய பழைய முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். பின்சக்கரத்துக்குப் பதில் இரும்புக் கூண்டுச் சக்கரம். அது சேற்றில் இறங்கியதும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஸ்டியரிங்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். இவர் வரப்பில் நின்று, "நேரா பாரு, நேரா பாரு" என்று கத்திக்கொண்டிருந்தார். வரப்பில் அவர் நிற்பது கண்ணில் பட்டுக்கொண்டிருந்தவரை எப்படியோ சமாளித்தேன். சேறு அடிக்கிற வேலை இரண்டு மூன்று வயலில் பழகியும்விட்டது.

பரம்பு அடிக்கிற வேலை வந்தபோதுதான் உண்மையான பயம் வந்தது. சேறு அடித்து முடித்த வயலைச் சமப்படுத்த, டிராக்டருக்குப் பின்னால் ஒரு நீளப் பலகையைச் சங்கிலியில் கட்டி இழுப்பார்கள். அதன்மேல் ஓர் ஆள் நிற்க வேண்டும். கல்லை வைத்தால் போதாதா என்று கேட்கலாம். கல்லுக்கு மேடும் பள்ளமும் தெரியாது. நிற்கிற ஆள் மேட்டில் காலை அழுத்தி மண்ணை வழிப்பார், பள்ளத்தில் கால் எடை குறைத்து மண்ணை விடுவார். இதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆளில்லை. அவர் பரம்பு அடித்த வயலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் ஏறி நின்றார்.

"எறங்குங்க. டாக்டரு இன்னா சொன்னாரு?"

"வண்டி ஓட்டக் கூடாதுன்னாரு. பலக மேல நிக்கக் கூடாதுன்னாரா?"

வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் வலிப்பு என்ற சொல்லை நான் எப்படி எடுப்பேன்?

என் பயம் இதுதான். ஓடுகிற பலகையில் நிற்கும்போது அவருக்கு இழுத்தால் சேற்றில் குப்புற விழுவார். முகம் முங்க ஒரு சாண் சேறு போதும். இஞ்சின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்காது. நான் பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டே இருப்பேன். வரப்பில் யாராவது பார்த்தாலும் வழுக்கி விழுந்தான், எழுந்துவிடுவான் என்றுதான் நினைப்பார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். நானோ அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

திரும்பிப் பார்த்து ஓட்டலாமே என்றால், அதையும் செய்து பார்த்தேன். கழுத்தைத் திருப்பியதும் கூடவே ஸ்டியரிங்கும் திரும்பியது. வண்டி வரப்பில் ஏறி, முன்சக்கரம் அடுத்தவர் வயலுக்கு மேல் தொங்கியது. அங்கே நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அதோடு திரும்பிப் பார்க்கிற ஆசையை விட்டுவிட்டேன்.

கயிறு என் யோசனை. வீட்டில் துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் இடது கையில். விரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது, சக்கரத்தில் சிக்கினால் கையே போய்விடும். உள்ளங்கையில் பிடித்துக்கொள்வது மட்டும்தான். கயிறு விறைப்பாக இருந்தால் அவர் இருக்கிறார். தொய்ந்தால் நான் அந்த நிமிஷமே கிளட்சை மிதிக்க வேண்டும்.

"மாட்டுக்குப் போடற மாதிரி எனுக்குக் கயிறு போடறியா?" என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் பிடித்துக்கொண்டார்.

முதல் நாள் அந்தக் கயிறு என் கையில் விடாமல் நடுங்கியது. மெல்லிய நடுக்கம், உள்ளங்கையில் எறும்பு ஊர்கிற மாதிரி. மூலையில் நிறுத்தி, "இன்னாங்க, கயிறு இப்டி ஆடுது?" என்று கேட்டேன். "இஞ்சின் ஆட்டம்டி, ஓட்டு" என்றார். மறுநாள் வேலை தொடங்கும்போது அவராகவே, "கயித்த சரி பண்ணிட்டேன், இனிமே ஆடாது" என்றார். அப்படியே ஆடவில்லை. வண்டி மேட்டில் ஏறினால் ஒரு வெட்டு இழுக்கும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்தக் கயிறுதான் எனக்கு எல்லாம். வெயில் மண்டையைப் பிளக்கும். டீசல் புகை மூக்கில் ஏறும். சேறு முகத்தில் தெறித்துக் காய்ந்து பொருக்காகும். எதையும் நான் பொருட்படுத்தவில்லை. இடது கை மட்டும் விழித்துக்கொண்டிருந்தது. வயிற்றில் பயம் கிளம்பும்போதெல்லாம் கயிற்றை மெதுவாக ஒரு இழுப்பு இழுப்பேன். கொஞ்சம் பொறுத்து அதுவும் இழுக்கும். இருக்கிறேன்டி என்று சொல்கிற மாதிரி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மனுஷன் வாயால் ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னதில்லை. கயிற்றால் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் பூரித்துக்கூடப் போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பூரித்தது உண்மை.

வேலை முடிகிற சமயம், ஏரிக்கரையை ஒட்டி ஒரு பெரிய வயல். அதற்கு அப்புறம் அந்தப் பருவத்துக்கு எங்களுக்கு ஒரேயொரு வயல்தான் பாக்கி. சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியை எடுத்தேன். அவர் பலகையில் ஏறினார். கயிறு விறைத்தது. பாதித் தூரம் போனபோது முகத்தைத் துடைக்கத் துணி தேடி, சட்டைப் பைக்குள் கையை விட்டேன். காகிதத்தில் மடித்த ஏதோ தட்டுப்பட்டது. கட்டைவிரலால் பிரித்தேன். மாத்திரை.

காலையில் அவர் கையில் நான் கொடுத்த மாத்திரை. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று ஆணியில் தொங்கிய சட்டையின் பையில் வைத்திருக்கிறார். அந்தச் சட்டையை நான் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நடுச்சேற்றில் நிறுத்தினால் சக்கரம் புதைந்துவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். மூலை வரைக்கும் போனால் போதும். இன்னும் கொஞ்ச தூரம்தான். கயிற்றை இழுத்தேன். பதிலுக்கு இழுத்தது. அப்பாடா என்றது மனசு. சாமி, மூலை வரைக்கும் இப்படியே இருக்கட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன். மறுபடியும் இழுத்தேன். மறுபடியும் இழுத்தது.

மூலையில் வண்டியைத் திருப்பினேன். எதிர்க்கரையில் மோட்டார் கொட்டகை நிழலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் வயலுக்குச் சொந்தக்காரர். இன்னொருவர் நீலக் கட்டம் போட்ட லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாட்டிலை அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இவர் மாதிரியே ஒரு ஆள் என்று நினைத்தேன். பாட்டிலை இறக்கியதும் முகம் தெரிந்தது.

இவரேதான்.

என் இடது கையைப் பார்த்தேன். கயிறு விறைப்பாக இருந்தது. நான் வேண்டுமென்று இழுக்கவில்லை, கை தானாக இழுத்தது. கயிறு பதிலுக்கு இழுத்தது.

நான் போட்ட கூச்சலில் ஏரிக்கரை மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன என்று பின்னால் சொன்னார்கள். கிளட்சை மிதித்து, இஞ்சினை நிறுத்தி, சேற்றில் குதித்தேன். பின்னால் வெறும் பலகை. பலகையின் இரும்பு வளையத்தில் என் துணிக்கயிறு இறுக்கி முடிச்சுப் போட்டுக் கிடந்தது. அது இன்றைக்குப் போட்ட முடிச்சு இல்லை. பல வயல்களின் சேறு அதன்மேல் படிந்து காய்ந்து, கயிற்றின் நிறமே தெரியவில்லை. பலகையைக் கட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை என்பதால் நான் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததே இல்லை.

அவர் வரப்போரமாக ஓடிவந்தார். "இன்னாடி ஆச்சி? அவுரு கூப்ட்டாருன்னு எறங்கினேன். ஒரு சுத்து வெறும் பலக போனா ஒண்ணும் ஆவாதுன்னு வுட்டேன்."

"இந்த முடிச்சு எப்ப போட்டது?"

அவர் குனிந்து முடிச்சின் மேல் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினார்.

"எப்ப போட்டதுன்னு கேக்குறேன்ல?"

"ரெண்டாம் நாளு."

அப்படியென்றால் இத்தனை வயலிலும் கயிற்றின் அந்த முனையில் யாருமே இல்லை. நான் இழுத்தபோதெல்லாம் பலகை மேடு பள்ளத்தில் தூக்கிப் போட்டு இழுத்திருக்கிறது. அவர் எந்த வயலில் விழுந்திருந்தாலும் கயிறு அப்படியே விறைப்பாகத்தான் இருந்திருக்கும். நான் பூரித்துப்போய் அவரை விட்டுவிட்டு ஓட்டிக்கொண்டே போயிருப்பேன். அடுத்த சுற்றில் அவர் மேலேயே ஏற்றியும் இருப்பேன். சேற்றை வாரி அவர் மார்பில் அடித்தேன். மறுபடி வாரினேன், மறுபடி அடித்தேன். அவர் நகரவில்லை.

"ஏன் கட்டுனீங்க? புடிச்சினு நிக்கறதுல இன்னா கேடு?"

கொட்டகைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொத நாளு கயிறு ஆடுதுன்னு கேட்டியே."

"இஞ்சின் ஆட்டம்னீங்க."

"இஞ்சின் இல்ல. நானுதான்." கீழே சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பலக மேல ஏறுனாலே எனுக்குக் கலங்கிடும். எப்ப இழுக்குமோ, எப்ப இழுக்குமோன்னு. அது கயித்துல உன் கைக்கு வந்துட்ச்சி. நீ பல்லிக்கே பயப்படறவ. நானும் பயந்துனு நிக்கறேன்னு தெரிஞ்சா நீ வண்டியையே தொடமாட்ட. அதான் கட்டிட்டேன்."

வாரிய சேறு என் கையிலேயே நின்றுவிட்டது. ஒரு பருவம் முழுக்க வண்டியில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

"நாளைக்கு மணல் மூட்டைய வெச்சி அடிக்கலாம்" என்றேன்.

"மூட்டைக்கு மேடு பள்ளம் தெரியாதுடி."

"மேடா இருந்தா இருக்கட்டும்."

அவர் வாதாடவில்லை. சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தேன். "கையக் காட்டுங்க" என்றேன். சேறு படாத இடமாகப் பார்த்து, அவர் உள்ளங்கையின் நடுவில் மாத்திரையை வைத்தேன். அது அங்கே நிற்காமல் ஆடியது. முதல் நாள் கயிற்றில் வந்ததே, அதே நடுக்கம். மாத்திரை சேற்றில் விழுந்துவிடாமல் அவர் விரல்களை மூடி, என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.