வெங்கிட்டுவின் பச்சை வயர்

நீலகண்டன் சாரின் பழைய ஃபியட் பட்டறையிலிருந்து கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். பஜார் ரோட்டுக் கடையில் சாயாவை வாயருகே கொண்டுபோன முத்துவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. பிரேக் லைட் எரிகிறதா என்று அவன் பார்க்கவே இல்லை. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டிய வேலை. காலையில் பட்டறையில் அவன் ஒற்றை ஆள்.

பார்க்காதது கூடப் பெரிதில்லை. எதை எதோடு சேர்த்தான்?

விருதுநகரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து இருபது வருடமாக வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவன் முத்துவேல். இந்த வண்டியை முன்பு வைத்திருந்த வெங்கிட்டு, சாருக்குச் சித்தப்பா முறை, வீட்டு வயரிங்காரர். வீட்டுக்குப் போடுகிற வயரையே வண்டி முழுக்க இழுத்து வைத்திருந்தார். வீட்டில் பச்சை என்றால் எர்த். இந்த வண்டியில் பச்சையில்தான் கரண்ட் ஓடும். வண்டி பட்டறைக்கு வந்த மூன்று மாதமாக முத்துவேல் அவரைத் திட்டாத நாளில்லை. வேலை தாமதமானால் வெங்கிட்டு, ஹாரன் அடிக்காவிட்டால் வெங்கிட்டு. முன்பக்கம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டான். பின்பக்கத்துக்கு நேரமில்லை, திருப்பூணித்துறைக் கல்யாணத்துக்கு வண்டி வேண்டுமென்று சார் அவசரப்படுத்தினார். அங்கே, எல்லாம் தெரிந்திருந்தும், கை பழக்கதோஷத்தில் தன் பச்சை எர்த் வயரோடு வெங்கிட்டுவின் பச்சையை முறுக்கிவிட்டது. பிரேக்கை அழுத்திப் பிடித்தால் கரண்ட் நேராக எர்த்துக்குப் பாய்ந்து வயர் எரியும். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். உள்ளே சாரும் அவர் மகள் ஸ்நேஹாவும்.

போன் அடித்தான். எடுக்கவில்லை. சாயாவை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டரை விரட்டினான்.

தோப்பும்படி பாலத்துக்கு முன்னால் வண்டி ஓரமாக நின்றிருந்தது. பின் சீட்டிலிருந்து புகை. ஸ்நேஹா தள்ளி நின்று இருமிக்கொண்டிருந்தாள். அவன் ஓடிப்போய் பானட்டைத் தூக்கி பேட்டரி வயரைப் பிடுங்கினான். புகை அடங்கியது.

"என்னாச்சு முத்துவேல்? சித்தப்பா பண்ணின வேலையா?" என்றார் நீலகண்டன்.

"ஆமா சார்." யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

சார் அங்கேயே பாலக்காட்டிலிருந்த சித்தப்பாவுக்கு போன் போட்டார், ஸ்பீக்கரில். வெங்கிட்டுவைப் பொரிந்து தள்ளினார். மறுமுனையில் கிழவரின் குரல் தழுதழுத்தது.

"எனக்குத் தெரிஞ்சதைப் பண்ணினேன்டா. தப்பாப் போயிடுத்து. குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?"

முத்துவேலை அவமானம் பிடுங்கித் தின்றது. போனுக்குக் கை நீட்டினான்.

"ஐயா, நான் முத்துவேல், வண்டிக்கு வயரிங் பண்ணினவன். அது உங்க வேலை இல்ல. இன்னைக்குக் காலையில அத முறுக்கினது நான்."