வாய்ப்புச் செலவுக்கு ஓர் எடுத்துக்காட்டு

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வருகைப் பதிவேடு எழுதுகிற வேலை செலினாவுக்கு. முப்பத்தைந்து வயதில் அவளை அஞ்சல்வழி பி.காமில் சேர்த்துவிட்டவன் கணவன் ஜோயல். ராணுவத்தில் ஹவில்தார். போன வருஷமே ஓய்வு பெற்று வந்திருக்கலாம். பென்ஷன் கூடும் என்று இரண்டு வருஷம் நீட்டித்தான். பிப்ரவரியில், மலைப்பாதையில் அவன் போன வண்டி பள்ளத்தில் உருண்டது.

கொடி போர்த்திய பெட்டி வந்தது. கல்லறைத் தோட்டத்தில் குண்டு முழங்க மரியாதை செய்தார்கள். செலினா அழவில்லை. அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், அவளும்தான் காத்திருந்தாள்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் கணக்குப்பதிவியல் புத்தகத்தை விரித்தாள். இயந்திரத்தின் விலை ஒரு லட்சம், பத்தாண்டு உழைக்கும், இறுதி மதிப்பு பத்தாயிரம். ஆண்டுத் தேய்மானம் ஒன்பதாயிரம். சரி, அடுத்தது. குழம்பில் உப்பில்லாதது அவளுக்குத் தெரியவில்லை. ஐந்தொகையில் எழுநூறு ரூபாய் உதைத்தால் மட்டும் தெரிந்தது.

நாத்தனார் அக்சா ஒருநாள் பொறுக்காமல் கேட்டாள். "மதினி, இப்பப் போயி படிப்பு வேணுமா? நாலு பேரு ஒரு மாதிரி பேசுதாவ."

"கணக்குப் போடும்போது எனக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்கு, அக்சா."

அக்சா பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஜூனில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்வு. பொருளியல் தாளில், வாய்ப்புச் செலவை எடுத்துக்காட்டுடன் விளக்கச் சொல்லியிருந்தார்கள். செலினா எழுதினாள்: 'ஒரு படைவீரர் ஓய்வு பெற்று மனைவியுடன் ஊரில் இருக்கலாம். அல்லது இரண்டாண்டு கூடுதலாகப் பணியாற்றி அதிக ஓய்வூதியம் பெறலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், கைவிட்ட முதலாவதே வாய்ப்புச் செலவு.' இதை ரூபாயில் மதிப்பிட இயலாது என்று ஒரு வரி சேர்த்தாள். கேள்வியில் அது இல்லையே என்று அடித்துவிட்டாள்.

வெளியே வந்ததும், உடன் படிக்கும் ஆனந்தவல்லி கேட்டாள். "வாய்ப்புச் செலவுக்கு என்னட்டி எழுதுன? நா புத்தகத்துல உள்ள நெல்லையும் கரும்பையும் எழுதிட்டேன்."

"எங்க வீட்டு அவியள எழுதுனேன்."

ஆனந்தவல்லி நின்றுவிட்டாள். ராஜபாளையம் பஸ்ஸில் செலினா சன்னலோரம் உட்கார்ந்து, மறுநாள் தாளுக்கு எந்தப் பாடம் பாக்கி என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. பொருளியலில் எழுபத்தொன்று. கணக்குப்பதிவியலில் முப்பத்தெட்டு, நாற்பது எடுத்தால்தான் தேர்ச்சி.

செலினா போனை அக்சாவிடம் நீட்டினாள். "ரெண்டு மார்க்கு. எம்புட்டுக் கணக்கு போட்டேன், வெறும் ரெண்டு மார்க்குல பெயிலாக்கிட்டானுவளே" என்றாள். குரல் உயர்ந்திருந்தது, முகம் சிவந்திருந்தது. ஆறு மாதத்தில் அவள் கோபப்பட்டு அக்சா பார்த்தது அன்றைக்குத்தான்.

"திரும்ப எழுதலாம், மதினி."

"எழுதாம?" என்று செலினா நோட்டைத் தேடப் போனாள்.