அடி படாத விளையாட்டும் விமலாவும்

விமலா போய்விட்டாள் என்று அவள் கணவன் ரகு தொலைபேசியில் சொன்னபோது, நான் பூச்சோங்கில் ஒரு கார் பட்டறையில் டயர் மாற்றக் காத்துக்கொண்டிருந்தேன். “காலைல போயிட்டா மச்சான், தூக்கத்துலயே” என்றான். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் “எப்ப?” என்று கேட்டேன். காலையில் என்று அவன் முதலிலேயே சொல்லியிருந்தான். அழுதுகொண்டிருந்த ரகு சட்டென்று சிரித்துவிட்டான். “அவ கேள்விய நீ கேக்குறியா?” என்றான்.

கிள்ளானில் கணேசன் அங்கிளின் கேம் கடைக்கு வந்துபோன உங்களுக்கு அந்தச் சிரிப்பின் காரணம் தெரியும். அவளை அலுவலகத்தில் மட்டும் அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடை தெங்கு கெலானா சாலையில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. வரிசையாகத் தொலைக்காட்சிகள், ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். மணிக்கணக்கில் வாடகை. விமலா அங்கிளின் ஒரே மகள். பள்ளி விட்டு வந்ததும் கல்லாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எங்களுக்கெல்லாம் அப்போது பதினைந்து, பதினாறு வயது.

‘பிளேட் மான்சூன்’ என்ற சண்டை விளையாட்டின் முதல் பாகத்தை ஆட நாங்கள் அந்தப் படிக்கட்டில் வரிசையில் நின்றிருக்கிறோம். இரண்டாம் பாகம் வருகிறது என்றதும் அங்கிள் வாசலில் பேனரே கட்டினார். காரணம், அட்டைப்படத்தில் நடுநாயகமாக நின்ற விக்ரம் என்ற வீரன். நாங்கள் பார்த்த விளையாட்டுகளில் இந்தியன் என்றால் ஒன்று சாமியார், இல்லையென்றால் பாம்பாட்டி. இவனோ ஜீன்ஸும் மீசையுமாக, கிள்ளான் பேருந்து நிலையத்தில் யாரோ ஒருவருடைய அண்ணன்போல நின்றான். எல்லோரும் விக்ரமாகத்தான் ஆடுவோம் என்று முன்கூட்டியே சண்டை போட்டுக்கொண்டோம்.

வந்தது. விக்ரம் உதைத்தான். அவன் கால் எதிரியின் வயிற்றில் நுழைந்து முதுகு வழியாக வெளியே வந்தது. எதிரி அசையவே இல்லை. ஆட்டம் முடிந்ததும் அறிவிப்பாளர் தோற்றவன் பெயரைச் சொல்லி வாழ்த்தினார்.

“என்னா லா இது, அடி படவே மாட்டேங்குது!” என்று ஒருவன் கன்ட்ரோலரைப் போட்டுவிட்டு எழுந்தான். ஒரே வாரத்தில் அந்த விளையாட்டு வட்டைக் கேட்க ஆளில்லை. அங்கிள் பேனரை அவிழ்த்து மடித்து வைத்தார். எங்களுக்கும் வருத்தம்தான். விளையாட்டு கெட்டுப்போனதைவிட, நம்மாள் ஒருவன் வந்தும் இப்படி வந்தானே என்ற வருத்தம்.

விமலா மட்டும் வருத்தப்படவில்லை. கல்லாவை விட்டு இறங்கி வந்து எங்களைக் கேட்டாள்.

“எது மோசம்?”

“எல்லாமே மோசம்.”

“மோசம்னு சொல்லாத சிவா. எப்ப மோசம்னு சொல்லு.”

என்னை வலப்பக்க நாற்காலியில் உட்கார வைத்து உதைக்கச் சொன்னாள். கிட்ட நின்று, தள்ளி நின்று, குதித்து, குனிந்து. எதுவும் படவில்லை. விரல் வலித்தது. “போதும் விமலா. ஒரு மொக்கை கேம், விட்டுடேன்” என்றேன். அவள் திரையில் விக்ரம் நிற்கும் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு, “எந்திரி. இந்தப் பக்கம் உக்காரு” என்றாள்.

இடப்பக்க நாற்காலியிலிருந்து உதைத்தேன். எதிரி பறந்து போய் விழுந்தான்.

அவள் போட்ட கூச்சலில் கீழே இருந்த புடவைக் கடைக்காரர் மாடிக்கே ஓடி வந்துவிட்டார். இடப்பக்கம் உட்கார்ந்தால் திரையிலும் விக்ரம் இடப்பக்கம் நிற்பான், அவன் உதை படும்; வலப்பக்கம் உட்கார்ந்தால் படாது. அவ்வளவுதான் விஷயம். எப்போதாவது பட்டதை நாங்கள் அதிர்ஷ்டம் என்று விட்டிருந்தோம். ஆனால் அந்தப் பள்ளி விடுமுறை முழுக்க, இன்னும் என்னென்ன கோளாறு இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கூட்டமே படியேறி வந்தது. புதிய கோளாறு காட்டுபவனுக்கு அங்கிள் ஒரு கிளாஸ் சிவப்பு இனிப்புச் சிராப் தண்ணீர் கொடுத்தார். நல்ல விளையாட்டுகள் காத்திருக்க, மோசமானதை ஆட நாங்கள் வரிசையில் நின்றோம்.

அந்தச் செய்தி பிரிக்பீல்ட்ஸ் வரை போயிருக்கிறது. அங்கே பெரிய ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கிய ஒருவன், கேலி செய்வதற்கென்றே நண்பர்களோடு ரயிலேறி வந்தான். வந்தவன் வலப்பக்கம் உட்கார்ந்து விக்ரமைத் தேர்ந்தெடுத்தான். விமலா இடப்பக்கம் உட்கார்ந்தாள். அவளும் விக்ரம்தான். அவனைப் புரட்டி எடுத்தாள். “இன்னொரு தடவ” என்றான். மறுபடியும் தோற்றான். நாங்கள் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தோம். அப்போது அவள் எழுந்து நின்று, “இங்க வந்து உக்காரு. இந்தப் பக்கம்தான் உதை படும்” என்றாள்.

நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். அவனுக்கோ புரியவில்லை. “ஏன் சொல்ற? இன்னும் ஜெயிச்சிட்டே இருக்கலாமே?”

“ஏன் தோக்குறோம்னு தெரியாமலே தோக்குற. பாக்க போர் அடிக்குது லா.”

இடம் மாறிய பிறகு அவன் அவளைத் தோற்கடித்தான். அடுத்த சனிக்கிழமையும் வந்தான், அதற்கடுத்த வாரமும் வந்தான். அவன்தான் ரகு. அவர்கள் கல்யாணத்தில் உங்களில் பலர் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

விமலா பிறகு மருத்துவமனைக் கருவிகளின் மென்பொருளைச் சோதிக்கும் வேலைக்குப் போனாள். நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவி ஒன்று வெளிவர இருந்த சமயம். சோதனைக்கு விட்டிருந்த வார்டில் ஒரு தாதி, “சில நேரம் நின்னுடுது” என்றாராம். தாதிக்குத்தான் பழக்கமில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். விமலா அந்த வார்டுக்குப் போய் தாதியின் பின்னாலேயே நடந்து, எப்ப, எப்ப என்று கேட்டிருக்கிறாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போவதற்காக மின்கம்பியைப் பிடுங்கி, உடனே வேறு இடத்தில் செருகும்போது கருவி நின்றது. வெளியீடு தள்ளிப்போனது. மேலாளர் பல மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “கேம் மோசமா வந்தா பசங்க திட்டிட்டுப் போயிடுவாங்க. இது மோசமா வந்தா யார் திட்ட இருப்பா?” என்று எங்களிடம் சொன்னாள். அந்த ஒரு முறைதான் அவள் வேலையைப் பற்றிச் சிரிக்காமல் பேசிக் கேட்டேன்.

நோய் வந்த பிறகும் அவள் மாறவில்லை. வலி இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டால், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால், எதைச் சாப்பிட்டால் வலிக்கிறது என்று விளக்குவாளாம். மருத்துவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார் என்று ரகு சொன்னான்.

கடைசியாக அவளைப் பார்த்தது கிள்ளான் வீட்டில், ஒரு ஞாயிறு மதியம். ரகு மடிக்கணினியில் அந்தப் பழைய விளையாட்டைப் போட்டு வைத்திருந்தான். அவளால் கன்ட்ரோலரைப் பிடிக்க முடியவில்லை. நானும் ரகுவும் ஆட, அவள் தலையணையில் சாய்ந்து பார்த்தாள்.

“சிவா, இத்தன வருசமா யோசிச்சேன். அந்தக் கோளாற, கேம செஞ்சவன் ஏன் கவனிக்கல? இப்பத்தான் தோணுது. அவன் எப்பவும் இடப்பக்கமே உக்காந்து பாத்திருப்பான். பாவம், வலப்பக்கம் உக்காந்து கூட ஆட அவனுக்கு ஆளே இல்ல போல.”

யார் என்றே தெரியாத அந்த ஒருவனுக்காக அவள் உண்மையாகவே இரங்கினாள். நாங்களெல்லாம் அவனைத் திட்டியது மட்டுமே எனக்கு நினைவிருந்தது.

ரகு தேநீர் போட உள்ளே போனான். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். “பயமா இருக்கா விமலா?”

அவள் தனக்குள்ளே எதையோ சரிபார்ப்பவள்போல இருந்தாள்.

“தெரியல லா” என்றாள். “இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பதில்தான். அடுத்த மாதம் எனக்கும் மருத்துவமனையில் ஒரு பரிசோதனை இருக்கிறது. நேற்று சாப்பிடும்போது என் மனைவி பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். இத்தனை நாளும் இல்லை என்றுதான் சொல்லி வந்தேன். நேற்று, தெரியவில்லை என்றேன். அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.