முதுகைக் காட்டி நின்று கேட்டேன்

முதலில் போனது குக்கர் விசில். பிழைக்க வந்த வடநாட்டு ஊரான கட்கியில், எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டே பருப்பைக் கருகவிட்டேன். ஐந்து மாதத்தில் இரண்டு காதும் அடங்கிவிட்டன. உட்காதின் மயிரணுக்கள் (ஒலியை நரம்புக்குக் கடத்தும் நுண்ணிய செல்கள்) செத்துவிட்டன என்றார் டாக்டர். காரணம் இன்றுவரை தெரியாது.

அப்போது என் மகள் ஜெனிக்கு நான்கு வயது. "இவகூட இருந்தா பிள்ளைக்கும் பேச்சு வராது" என்று சொல்லி, என் மதினி, அதாவது கணவரின் அக்கா, அவளை வானவடியில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அதைக் கணவர்தான் காகிதத்தில் எழுதிக் காட்டினார். தான் மறுத்ததாக அவர் எழுதவில்லை.

ஞாயிறுதோறும் மதினி ஜெனியை அழைத்து வருவார். என் எதிரிலேயே என்னைப் பற்றிப் பேசுவார். உதட்டசைவு பாதிதான் புரியும். சிரிப்பு முழுதாகப் புரியும்.

மூன்று வருடம் கழித்து காக்ளியர் இம்ப்ளான்ட் (ஒலியை மின்துடிப்பாக்கிக் கேள்நரம்புக்கு அனுப்பும் கருவி) பொருத்தினார்கள். இயக்கிய அன்று எல்லார் குரலும் தகர டப்பாவில் கல் உருட்டியதுபோல் இருந்தது. செவித்திறன் நிபுணர் வாயை மறைத்துக்கொண்டு பத்துச் சொற்கள் சொன்னார். இரண்டுதான் பிடிபட்டன.

இதைப் படிப்பவர்களில் புதிதாகக் கருவி பொருத்தியவர்கள் இருப்பீர்கள். முதல் சில மாதம், காதின் பின்னால் மாட்டும் வெளிப்பகுதியைக் கழற்றி எறியத் தோன்றும். எறியாதீர்கள். பொறுப்பதற்கு உங்களுக்கு எந்தக் காரணம் கிடைத்தாலும் சரி. எனக்குக் கிடைத்தது கோபம். எங்கள் போதகரின் பிரசங்கப் பதிவுகளைக் கைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகினேன். 'பால்', 'கால்' இரண்டும் பிரிய இரண்டு மாதமானது. மன்னிப்பைப் பற்றிய பிரசங்கம்தான் முதலில் முழுதாகப் புரிந்தது. மனம் மாறவில்லை.

பத்தாம் மாதம், பத்தில் ஒன்பது சரி.

"வீட்ல சந்தோஷப்பட்டிருப்பாங்களே?" என்று நிபுணர் இந்தியில் கேட்டார்.

"இன்னும் யார்கிட்டயும் சொல்லலை" என்றேன்.

அடுத்த ஞாயிறு, முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மதினி பேச ஆரம்பித்ததும் குழாயை மூடினேன்.

"ஜெனிக்கு ஸ்கூல்ல அம்மா அப்பான்னு எங்க பேரையே எழுதிருவோம், தம்பி. அவளுக்கு என்ன தெரியப்போவுது? சேலை கட்டுன பொம்மை மாதிரி நிக்கா."

"பாப்போம்க்கா" என்றார் கணவர்.

நான் திரும்பவில்லை. மதினி சொன்னதை ஒரு சொல் விடாமல், அதே ராகத்தில் சொன்னேன். "பாப்போம்க்கா"வையும் சேர்த்தேன். பிறகுதான் திரும்பினேன். மதினியின் முகம் வெளுத்திருந்தது. கணவர் தரையைப் பார்த்தார்.

"ஜெனி இனிமே இங்கதான் இருப்பா. அவ துணிமணிய அனுப்பி வையுங்க, மதினி."

ஒரு வாரம் கழித்து மதினியே பையோடு வந்தார். "மன்னிச்சுரும்மா" என்றார்.

"கேக்கலை. இன்னொருக்க சொல்லுங்க."

மூன்று முறை சொல்லவைத்தேன். முதல் முறையே தெளிவாகக் கேட்டது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

ஒலி இப்போது என் உடம்பில் இல்லை. காலையில் எடுத்து மாட்டிக்கொள்கிறேன். மாட்டும் முன் நினைவில் ஓடுவது ஜெனியின் நான்கு வயதுக் குரல். மாட்டியதும் கேட்பது எட்டு வயதுக் குரல், பாதி இந்தியில். நடுவே அவள் வளர்ந்த குரல் முழுவதும் மதினியின் காதுகளில் இருக்கிறது. அதை மட்டும் அவரிடமிருந்து என்னால் வாங்க முடியாது.