கிரில்லில் கட்டிய துணி

திருப்பூரில் என் தொழிலைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். "காத்தை அளக்கறீங்களா? அதுக்குக் கூலி வேறயாங்க?" என்பார்கள். சிரிக்கட்டும். பனியன் கம்பெனி ஹாலுக்குள் ஒரு பெரிய ஃபேன், டக்ட் என்கிற தகரக் குழாய் வழியாக வெளிக்காற்றைத் தள்ளும். அதைச் சும்மா விட்டால், ஃபேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு முடி பறக்கும், கடைசியில் நிற்பவளுக்கு ஒன்றும் வராது. கீழ்வீட்டுக்காரர் குழாயைத் திறந்தால் மேல்வீட்டில் தண்ணீர் நின்றுபோகிற கதைதான். டக்டுக்குள் டேம்பர் என்று தகட்டுக் கதவுகள் இருக்கும். எதை எவ்வளவு மூடினால் எல்லோருக்கும் பங்கு போகும் என்று அளந்து வைப்பது என் பிழைப்பு.

அருள்புரம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் அந்த வேலையை நான் எடுத்ததே என் தங்கைக்காகத்தான். அவள் அங்கே அயர்ன் டேபிளில் நிற்கிறாள். ஹாலின் கடைசி மூலை, நாள் முழுக்க ஸ்டீம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். அவள் புருஷன் அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தார். முதலாளியிடம் என்னைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். "அவ நிக்கிற எடத்துக்குக் காத்து வந்தாப் போதும் மச்சான்" என்றார். என் தங்கைக்கு இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று நான் உருகிப்போனேன்.

அளந்து முடித்ததும் காற்று வருகிற ஒவ்வொரு கிரில்லிலும் ரிப் துணியில் ஒரு நாடா கட்டினேன். டீசர்ட் கழுத்துக்கு வைக்கிற கனத்த துணி அது. எங்கள் ஊரில் கட்டிங் வேஸ்ட்டுக்கா பஞ்சம்? ரிப் ஆடினால் காற்று வருகிறது, தொங்கினால் வரவில்லை. "ரிப்தான் கட்டணும் மாப்ள. சிங்கிள் ஜெர்சி மெல்லிசு, அதக் கட்டுனா வாயால ஊதுனாலே ஆடும்" என்று அவருக்குச் சொல்லியும் கொடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

கிளம்பும்போது முதலாளி வந்தார். "ஏனுங்க தம்பி, நம்ம ஆபீஸ் ரூமுக்குக் காத்து பத்தறதில்லீங்க. ஆர்டர் குடுக்கற பையர் வந்து உக்கார்ற எடம். கொஞ்சம் திருப்பி உடலாமுங்களா?"

"அயர்ன் பக்கம் குறைஞ்சுபோகுமுங்க. தனியா ஒரு ஃபேன் போடுங்க" என்றேன். "செரி, உடுங்க" என்று போய்விட்டார். மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து வீட்டுக்கு வந்த தங்கை, ரெண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள். "காத்து வரலியா?" என்று கேட்டேன். "வருதுண்ணே. துணி ஆடுதுல்லா" என்றாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஃபில்டர் பார்க்கிற சாக்கில் கம்பெனிக்குப் போனேன்.

மூலையில் நின்ற கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேலே நாடா மட்டும் திருவிழாத் தோரணமாக ஆடிக்கொண்டிருந்தது. ஏணி போட்டு ஏறினேன். தங்கை வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கிரில்லில் கையை வைத்தால் காற்று பேருக்குத்தான் இருந்தது. நாடாவை விரலில் பிடித்துப் பார்த்தேன். சிங்கிள் ஜெர்சி. நூல் வெட்டுகிற டிரிம்மரால் பிசிறில்லாமல் வெட்டிய ஓரம். சீலிங் பலகையைத் தள்ளிப் பார்த்தால், அந்தப் பக்கத்து டேம்பர் முக்கால்வாசி மூடிக் கிடந்தது. ஆபீஸ் ரூமுக்குப் போகிறது முழுசாகத் திறந்திருந்தது.

அந்தத் துணி சூட்சுமத்தை நான் சொன்னது ஒரே ஒரு ஆளிடம்தான். "எங்கே உன் புருஷன்?" என்று ஏணியில் நின்றபடியே கத்தினேன்.

"சத்தம் போடாதண்ணே" என்றாள் கீழேயிருந்து. "அவுகளுக்கு இப்பத்தான் இன்சார்ஜ் போஸ்ட் குடுத்திருக்காவ."

"உன் மூச்சை அடைச்சுத்தான் அந்தப் போஸ்ட்டை வாங்கணுமா? கட்டுன பொண்டாட்டி தலைக்கு மேலயே பொய்யைக் கட்டித் தொங்கவிட்டிருக்கான்!"

"அவுக கட்டத்தான் செஞ்சாவ. துணிய வெட்டிக் குடுத்தது நான்."

மாப்பிள்ளை செய்த துரோகம் எனக்குப் புரிந்தது. அதற்கு ஒரு பதவி கிடைத்தது, ஒரு கணக்கு இருந்தது. இவள் செய்தது புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. என் வீட்டில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, துணி ஆடுகிறது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டேம்பரை என் பழைய அளவுக்குத் திறந்தேன். காற்று கீழே இறங்கியது. அவள் நெற்றி முடி அசைந்தது.

"மூடிருண்ணே" என்றாள்.

நான் மூடவில்லை. அவள் ஏணியிலிருந்து கையை எடுத்துவிட்டு அயர்ன் டேபிளுக்குப் போய்விட்டாள்.